மாற்குவைத் தேடும் அச்சுப் பக்கங்கள்

ஓவியர் அ. மாற்கு 2000ஆம் ஆண்டு மன்னாரில் காலமானார். 1933இல் குருநகரில் பிறந்து, கொழும்பு நுண்கலைக் கல்லூரியில் பயின்று, யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கே சித்திரம் கற்பித்தவர். 1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் அவருடைய ஓவியங்களில் பல தொலைந்து போயின. ஆகவே மாற்குவைப் பற்றி எழுத வருபவர் முதலில் போக வேண்டிய இடம் பழைய சஞ்சிகைகளும் மலர்களும்தான். ஈழத்து ஓவிய ஆய்வு இந்த நிலையை இன்னும் முழுதாக உள்வாங்கவில்லை என்பது என் எண்ணம்.

கொழும்பில் நிலைமை வேறு. லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல ஆகியோரைக் கொண்ட '43 கலைஞர் குழுவுக்கு, அதன் உறுப்பினர் ஹரி பீரிஸின் பார்ன்ஸ் பிளேஸ் வீடே காப்பகமாயிற்று. சபுமல் நிலையம் என்ற பெயரில் அசல்கள் இன்றும் சுவரில் தொங்குகின்றன. கீற்றை ஆராய்பவர் ஒரு தூரிகை வீச்சின் தடிப்பைக்கூடப் பார்த்து எழுதலாம். மாற்குவுக்கு அப்படி ஒரு வீடு வாய்க்கவில்லை. அவருக்கு வாய்த்தது 1987இல் வெளிவந்த 'தேடலும் படைப்புலகமும்' என்ற சிறப்பு மலர். ஓர் ஓவியர் உயிரோடிருக்கும்போதே அவருக்கென்று இப்படியொரு மலரைக் கொண்டுவர, போர்க்கால யாழ்ப்பாணத்தில் சிலர் பாடுபட்டார்கள். அந்த உழைப்பை எவ்வளவு மெச்சினாலும் தகும்.

அச்சில் பார்க்கும்போது எது மிஞ்சுகிறது? எண்ணெய் வர்ணம் சாம்பல் நிறமாகிவிடும். துணியின் சொரசொரப்பு போய்விடும். நாலடிப் படம் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கும். ஆனால் கோடு தப்பிவிடுகிறது. முகத்தைக் கோணங்களாக உடைத்து மீண்டும் கட்டியெழுப்பும் மாற்குவின் கோடு, மங்கலான அச்சிலும் இறுக்கமாகவே நிற்கிறது. அதனால்தான் அவரைக் கோட்டோவியராகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் வர்ணத்தில் என்ன செய்தார் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. இது ஆய்வின் பெரிய குறை. அவரிடம் படித்தவர்களின் வாய்மொழியைக் கேட்காமல் இதை நிரப்ப முடியாது. அருந்ததி, நிலாந்தன், வாசுகி என அந்த வரிசை நீளும்.

வாசுகி மட்டக்களப்பில் வாழ்ந்து பணியாற்றுவதால் மாற்குவின் பள்ளி கிழக்குக் கரைக்கும் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்துக்கும் கிழக்குக்குமான எழுத்து வழி உறவு அதற்கும் முந்தியது. கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமான் 1969இல் கல்முனையிலிருந்து 'கவிஞன்' இதழைக் கொண்டுவந்தவர். பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த அவர், குருநகர்க்காரரான அ. யேசுராசாவோடு இணைந்து 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' தொகுப்பை உருவாக்கினார். யேசுராசாவின் 'அலை' போன்ற இதழ்களைக் கிழக்கில் எங்கள் ஊர்களிலும் தேடி வாசித்தவர்கள் இருந்தார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதோடு அந்த உறவில் விழுந்த முறிவைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளில் வீடுகளோடு புத்தக அலுமாரிகளும் போயின. உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்தைத் தாண்டியது. அந்தத் துயரத்தின் முன்னே புத்தகங்களைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. இப்போது பேசலாம். கரையிலிருந்து தள்ளியிருந்த வீடுகளில் எழுபது, எண்பதுகளின் இதழ்கள் இன்னும் கட்டுக்கட்டாகக் கிடக்கக்கூடும். அட்டையைக் கிழித்துவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் பைண்ட் செய்யும் வழக்கம் நம்மிடம் உண்டு. அட்டையில் வரும் ஓவியத்துக்கு அதுவே எமன். அட்டையோடு ஸ்கேன் செய்து, ஓவியர் பெயர், இதழ் எண், மாதம், ஆண்டு குறித்து 'நூலகம்' என்ற எண்ணிம நூலக இணையத்தளத்துக்கு அனுப்புங்கள்.