ஏலேலோவும் துவாஸ் கடலும்

வலை இழுப்போரும் தோணி தள்ளுவோரும் பாடும் அம்பாப் பாடல்களை ஏட்டில் படிப்போர், ‘ஏலேலோ’ என்பதைப் பொருளற்ற அசையெனத் தாண்டிச் செல்வதுண்டு. அது பொருந்தாது. ஒருவர் அடியெடுக்க, ஏனையோர் அச்சொல்லில் மூச்சை ஒன்றுகூட்டிக் கயிற்றை இழுக்கின்றனர். பொருள்தரும் அடியோ கைகள் இளைப்பாறும் நேரத்தை நிரப்புவது. வள்ளுவரின் நண்பராகக் கூறப்படும் வணிகர் ஏலேலசிங்கரின் பெயரே இவ்வாறு ஒலிக்கிறது என்பது செவிவழிச் செய்தி. இனிய கதைதான், ஆயினும் நெடில் தொடரும் அவ்வொலி உழைப்பின் மூச்சிலேயே பிறந்தது எனல் தகும்.

சிங்கப்பூர் மாணவர்க்கு இதனை விளக்குதல் எளிதன்று. துவாஸ் என்னும் பெயரே, தென்னையோலையைக் கடலிலிட்டு அதன் நிழலில் கூடும் மீனைப் பிடிக்கும் மலாய் மீனவர் முறையால் வந்தது என்பர். கடல் தூர்த்த அக்கரையில் 2022இல் முறைப்படி திறக்கப்பட்ட துறைமுகத்தில் ஓட்டுநரில்லா வண்டிகள் சரக்குப் பெட்டிகளைச் சுமக்கின்றன. தொடக்கக் காலத்தில் சூலியர் எனப்பட்ட தமிழர் மிகுதியாய் ஈடுபட்டிருந்த ஆற்றுச் சரக்குப் படகுத் தொழிலும் 1983இல் சிங்கப்பூர் ஆற்றைவிட்டுப் பாசிர் பாஞ்சாங்குக்கு அகன்றது. கயிற்றையே காணாத மாணவரிடம் அடிகளுக்கு மட்டும் உரை கூறும் ஆசிரியர், பாடலின் பாதியைக் கரையிலேயே விட்டுவிடுகிறார். வகுப்பை இரு கூறாக்கி, ஒரு கூற்றார் அடியெடுக்க மறு கூற்றார் ஏலேலோ சொல்லட்டும். பிடித்திழுக்க ஒரு கயிறும் இருப்பின் நன்று.