குலப்பெருமையும் ஏட்டுச் சான்றும்

முன்னோர் வரலாற்றை ஆராயப் புகுவோர் சான்றினும் குலப்பெருமையைப் பெரிதெனக் கொள்வதுண்டு. 1620இல் மேபிளவர் கப்பலில் அமெரிக்கா சென்ற ஆங்கிலேயர் ஜான் ஹௌலண்ட், பிளிமத் குடியேற்றத்தின் முதல் ஆளுநர் கார்வரிடம் ஊழியராக இருந்தவர். பின்னாளைய வழித்தோன்றல்களோ அவரை ஆளுநரின் மருமகன் என நம்பி, நினைவுக்கல்லிலும் பொறித்தனர்.

வில்லியம் பிராட்போர்டு எழுதிய குடியேற்ற வரலாற்றின் மூல ஏடு 1855இல் லண்டனில் கண்டறியப்பட்டதும் இக்கூற்று வீழ்ந்தது. ஹௌலண்டின் மனைவி, அதே கப்பலில் வந்த ஜான் டில்லியின் மகள் எலிசபெத். கரையிறங்கிய சில திங்களிலேயே பெற்றோரை இழந்தவர். பத்து மக்களைப் பெற்று வளர்த்தவர். பிராட்போர்டு இவற்றை மிகைபடாமல் குறித்துச் செல்கிறார். அவர் நூலின் சிறப்பு அதுவே.

புனைந்த பெருமையால் அவ்வம்மையின் உண்மையான பிறப்பு மறைக்கப்பட்டது. பெருமையை முதலில் வைத்துக்கொண்டு சான்று தேடுவது ஆராய்ச்சியாகாது.