உடலினால் நினைவுகூருதல்

ஓவியன் மறைந்தாலும் அவன் தீட்டிய ஓவியம் நிற்கும்; கவிஞன் மறைந்தாலும் ஏடு நிற்கும். நடனக் கலைஞன் மறையும்போதோ, அவன் உடலோடு அவன் கலையும் பெரும்பாலும் மண்ணுக்குச் சென்றுவிடுகிறது. 1980-களில் எய்ட்ஸ் நோய் நியூயார்க் நகரின் நடனக் கலைஞர் பலரை இளமையிலேயே கொண்டுசென்றது. எஞ்சியோர் அவர்களை எவ்வாறு நினைவுகூர்ந்தனர் என்பது கலைத்திறனாய்வின் கேள்வி மட்டுமன்று. இறையியலின் கேள்வியும் ஆகும்.

பில் டி. ஜோன்ஸ் என்பார் 1989-இல் அமைத்த 'டி-மேன் இன் த வாட்டர்ஸ்' என்னும் ஆக்கத்தை முதலில் நோக்குவோம். அவருடைய கலைத்துணைவரும் வாழ்க்கைத்துணைவருமான ஆர்னி சேன் 1988-இல் எய்ட்ஸ் நோயினால் இறந்திருந்தார். அவர்களுடைய குழுவைச் சேர்ந்த டெமியன் அக்குவவெல்லாவும் அதே நோயினால் நலிந்துகொண்டிருந்தார். ஆக்கத்தின் பெயர் அவரையே சுட்டும். மெண்டல்சன் தம் 16-ஆம் வயதில் எட்டு நரம்பிசைக் கருவிகளுக்கென இயற்றிய இசைக்கு ஆடுவோர் ஓடுகின்றனர், தரையில் வழுக்கி வீழ்கின்றனர், ஒருவர் கைகளில் ஒருவர் பாய்கின்றனர். டெமியனால் நிற்க இயலாத நிலையில் ஜோன்ஸ் அவரை மேடையில் சுமந்து நின்றார். டெமியனின் கைகள் மட்டும் ஆடின. 1990-இல் டெமியன் மறைந்தார்.

இத்தனை களிப்பான இசை மரணத்தின் கொடுமையை மறைத்துவிடாதோ என்று ஒருவர் கேட்கலாம். மறைக்கவில்லை என்பதே நம் கருத்து. ஆடுவோரின் களைப்பை இவ்வாக்கம் ஒளிப்பதில்லை. பாய்கிறவர் பிடிக்கப்படுவார் என்பதற்கு, பிடிப்பவரின் விழிப்பைத் தவிர வேறு உறுதி இல்லை. கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கிய நால்வரை இங்கே நினையாதிருக்க முடியாது.

இரண்டாவது நிகழ்ச்சி ஓர் ஆலயத்தினுள்ளேயே நடந்தது. நியூயார்க்கின் பவரிப் பகுதியிலுள்ள புனித மாற்கு எபிஸ்கோப்பல் ஆலயத்தில் 1974 முதல் நடனத்திற்கு இடமளிக்கப்பட்டு வருகிறது. அங்கே 2016-இல், 1988-இல் எய்ட்ஸ் நோயினால் மறைந்த ஜான் பெர்ண்ட் என்பாரின் ஆக்கங்களை அவருடைய நண்பர் இஷ்மேல் ஹூஸ்டன்-ஜோன்ஸும் மிகெல் குட்டியேரசும் மீட்டமைத்தனர். ஆடியவர்கள் இளந்தலைமுறையினர். தாம் ஆடிப் பார்த்திராத ஒருவரின் அசைவுகளை அவர்கள் தம் உடலில் ஏற்றுக்கொண்டனர். இதற்குக் குறையும் உண்டு. நினைவுகூரும் நண்பரைப் பெற்றவர்களே இவ்வாறு மீள்கின்றனர். அத்தகைய துணையற்றோர் பெயருமின்றி மறைந்தனர்.

எனினும் இவ்விரண்டும் நமக்கு ஒன்றை உணர்த்துகின்றன. 'அனம்னேசிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லை வகுப்பறையில் விளக்குகிறோம். திருவிருந்தில் ஆண்டவர் தம்மை நினைக்கும்படி மட்டும் கட்டளையிடவில்லை, செய்யும்படி கட்டளையிட்டார். எடுத்தல், பிட்டல், கொடுத்தல், உண்ணல் ஆகிய யாவும் உடலின் செயல்கள். மறைந்தவருக்குத் தம் உடலைக் கடனாகக் கொடுத்த அந்த நடனக் கலைஞர் இதை நம்மைவிட நன்கு அறிந்திருந்தனர்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். புகழ்பெற்ற ஆல்வின் எய்லி 1989 டிசம்பர் 1-ஆம் நாள் எய்ட்ஸ் நோயினால் இறந்தபோது, காரணம் இரத்தக்கோளாறு என்றே அறிவிக்கப்பட்டது. தம் தாயாருக்கு அவமானம் நேராதிருக்கவேண்டும் என்பது அவருடைய விருப்பம். அத்தகைய அவமானத்தை உண்டாக்கியதில் திருச்சபைக்குப் பங்கில்லை என்று கூற இயலாது. அந்நோயைத் தேவனுடைய நியாயத்தீர்ப்பு என்று முழங்கிய பிரசங்கபீடங்கள் இருந்தன. பிறவிக்குருடனைக் குறித்து, யார் செய்த பாவம் என்று சீடர் கேட்ட கேள்வியை ஆண்டவர் ஏற்கவில்லை என்பதை அவை மறந்தன.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். ஆகவே இது தொலைநாட்டுச் செய்தியன்று. நாம் நடத்தும் அடக்க ஆராதனைகளில் எத்தனை மரணங்கள் காரணம் சொல்லப்படாமல் மூடப்பட்டன? மறைக்க விரும்பும் குடும்பத்தின் இரகசியத்தை வெளியிடுவது ஆயரின் பணியன்று. உண்மையைச் சொன்னாலும் எவரும் விலகிச் செல்லாத சபையை உருவாக்குவதே அவர் பணி. ஓர் அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் கூடப் பாடுபடும் என்று பிரசங்கிக்கிறோம். சுமப்பதற்கு நம் தோள்கள் ஆயத்தமாக உள்ளனவா?