பம்பு நிற்க வேண்டிய இடம்

குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடித்தலை விளக்கும் படங்கள் சிலவற்றில், கொதிகலத்துக்கும் குளிர்விப்பானுக்கும் நடுவே வெற்றிடப் பம்பை வரைந்துவிடுகிறார்கள். பம்பு ஆவியை இழுத்துக் குளிர்விப்பானுக்குள் தள்ளுகிறதாம்! தேர்வில் இப்படத்துக்கு மதிப்பெண் கிடைத்தாலும் கிடைக்கலாம். ஆலையில் இதை நம்பினால் மின்சாரச் செலவுதான் மிஞ்சும்.

கணக்கிட்டுப் பாருங்கள். வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 46 டிகிரி செல்சியசில் கொதிக்கும். அப்போது ஒரு கிலோ நீராவி 14 கன மீட்டருக்கு மேல் இடத்தை அடைக்கிறது. நடுவில் நிற்கும் பம்பு அத்தனையையும் விழுங்கியாக வேண்டும். குளிர்விப்பானுக்கு அப்பால் நின்றாலோ, அதே ஆவி ஒரு லிட்டர் தண்ணீராகச் சுருங்கி முன்பே வடிந்திருக்கும். பம்புக்கு எஞ்சுவது மூட்டுகளில் கசிந்த காற்றும், திரவத்தில் கரைந்திருந்த வாயுக்களும், அவற்றுடன் வரும் சிறிது ஆவியுமே. ஆவியைத் தன்பால் இழுப்பது உண்மையில் குளிர்விப்பான்தான்.

இது புதிய செய்தியன்று. எட்வர்டு ஹோவர்டு என்ற ஆங்கில வேதியியலார் 1813இல் சர்க்கரைப் பாகைக் குறைந்த அழுத்தத்தில் காய்ச்சும் மூடிய கலத்துக்குக் காப்புரிமை பெற்றார். பாகு கருகாமல் காத்த அம்முறை இன்றும் சர்க்கரை ஆலைகளில் வாழ்கிறது. அங்கே உயரத்தில் அமைந்த குளிர்விப்பானில் தண்ணீர்த் தாரை ஆவியைக் குளிர்விக்கிறது. தண்ணீர் 10 மீட்டருக்கு மேல் நீண்ட குழாய் வழியே தானாகவே இறங்கிவிடுகிறது. அதை வெளியேற்றக்கூடப் பம்பு தேவையில்லை. மேலே தங்கும் காற்றை மட்டும் பம்பு அகற்றுகிறது.

பம்பைச் சரியான இடத்தில் வரைபவர்களும் மற்றொன்றைக் கவனிப்பதில்லை. பம்பின் குழாய் குளிர்விப்பானின் மிகக் குளிர்ந்த முனையில் சேர வேண்டும். ஆவி நுழையும் வாயருகே சேர்த்தால் பம்பு ஆவியைப் பிடுங்கும்; காற்றோ உள்ளேயே தங்கிக் குளிர்ந்த பரப்பைப் போர்வைபோல் மூடிவிடும். ஆய்வுக்கூடத்து எண்ணெய்ப் பம்புக்கு இன்னும் தொல்லை. தப்பி வரும் ஆவி எண்ணெயில் கலந்து அதைக் கெடுக்கும். அதனால்தான் பம்புக்கு முன்னே உறைகுளிரில் வைத்த பொறிக்குடுவை ஒன்றை இணைக்கிறார்கள்.

விதிவிலக்கு உண்டு. சில ஆவியாக்கிகளில் ஆவியை வேண்டுமென்றே அமுக்கி வெப்பநிலையை உயர்த்தி, அதைக் கொண்டே மேலும் திரவத்தைக் கொதிக்க வைக்கிறார்கள். அங்கே அமுக்கி ஆவியின் வழியில்தான் நிற்கும். செலவழித்த மின்சாரத்துக்கு ஈடாக எரிபொருள் மிச்சமாகும். ஆனால் அந்த அமைப்பில் அமுக்கிய ஆவி ஆவியாக்கியின் வெப்பமூட்டும் குழாய்களுக்கே திரும்பும். நாம் பார்த்த படங்களில் அப்படி ஒரு குழாயே இல்லை.