காரணமில்லாமல் சிரிப்பது: சிரிப்பு யோகா பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

1995 மார்ச் 13. மும்பை அந்தேரியில் ஒரு பூங்கா. டாக்டர் மதன் கட்டாரியா ஒரு சிறு குழுவைச் சேர்த்துக்கொண்டு சிரிப்பு மன்றம் தொடங்கினார். முதலில் ஆளுக்கொரு ஜோக் சொல்வதுதான் ஏற்பாடு. சில நாட்களிலேயே நல்ல ஜோக்குகள் தீர்ந்து, மிச்சம் இருந்தவை யாரையாவது புண்படுத்தின. அப்போதுதான் ஜோக்கே வேண்டாம், கைதட்டி "ஹோ ஹோ, ஹா ஹா ஹா" என்று சும்மாவே சிரிப்போம் என முடிவானது. யோகாசிரியரான அவர் மனைவி மாதுரியின் உதவியோடு மூச்சுப் பயிற்சியும் சேர, சிரிப்பு யோகா பிறந்தது.

தொல்காப்பியர் நகைக்கு நான்கு நிலைக்களன்கள் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். முதலிலேயே எள்ளல் நிற்பதைக் கவனியுங்கள். ஜோக் வைத்து நடத்தும் மன்றம் ஏன் தாங்கவில்லை என்பது இதிலேயே தெரிகிறது. கட்டாரியா நாலு காரணங்களையும் கழற்றிவிட்டு, சிரிப்பின் ஓசையையும் மூச்சையும் மட்டும் வைத்துக்கொண்டார். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை.

என் சிக்கல் வேறு இடத்தில். "பொய்ச் சிரிப்புக்கும் நிஜச் சிரிப்புக்கும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது" என்று எல்லா வகுப்பிலும் சொல்கிறார்கள். இதற்குக் காட்டும் சான்றுகளைப் பாருங்கள். நார்மன் கசின்ஸ் வலி மறந்து தூங்கியது நகைச்சுவைப் படங்கள் பார்த்து நிஜமாகச் சிரித்ததால் என்று அவரே எழுதியிருக்கிறார். அது ஒரு தனி மனிதரின் அனுபவம். ராபின் டன்பார் குழுவின் 2012 ஆய்வில் வலி தாங்கும் திறன் கூடியதும் நகைச்சுவைக் காட்சிகளுக்குச் சிரித்தவர்களுக்குத்தான். அதாவது நிஜச் சிரிப்பின் ரிசல்ட்டை எடுத்துப் பொய்ச் சிரிப்பின் கணக்கில் வரவு வைக்கிறார்கள். ஒரு சர்வரில் டெஸ்ட் பண்ணிட்டு இன்னொன்றுக்கு சர்டிபிகேட் கொடுக்கிற மாதிரி.

சிரிப்பு யோகாவையே நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று தெஹ்ரானில் நடந்து 2011-ல் வெளியானது. மனச்சோர்வு உள்ள முதிய பெண்கள் 70 பேர், மூன்று குழுக்கள்: சிரிப்பு யோகா, கூட்டு உடற்பயிற்சி, எதுவும் இல்லாதது. முதல் இரண்டு குழுக்களிலும் மனச்சோர்வு குறைந்தது. ஆனால் அந்த இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை! வாழ்க்கைத் திருப்தியில் மட்டும், எதுவும் செய்யாத குழுவைவிடச் சிரிப்புக் குழு தெளிவாக மேலே நின்றது. உடற்பயிற்சிக் குழு அப்படி நிற்கவில்லை.

சின்ன ஆய்வுதான். ஆனால் சரியான கேள்வியைக் கேட்ட ஆய்வு. பலன் தந்தது சிரிப்பா, அல்லது வீட்டை விட்டு வெளியே வந்து நாலு பேர் முகம் பார்த்துக் கைகாலை அசைத்ததா? எனக்கு இரண்டாவதுதான் பெரும்பங்கு என்று படுகிறது. சிரிப்பு அதற்கு ஒரு சாக்கு. நல்ல சாக்கு. வெட்கத்தை உடைக்கும், செலவு இல்லை, முட்டிவலிக்காரரும் வரலாம்.

அப்படியானால் அதை அப்படியே சொல்லலாமே? மருந்து என்று விற்கும்போதுதான் ஆபத்து. மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூங்காவுக்குப் போகும் ஒருவர், அங்கும் சரியாகவில்லை என்றால், தனக்குச் சிரிக்கக்கூடத் துப்பில்லை என்று தன்னையே நொந்துகொள்வார். குடலிறக்கம் உள்ளவர்களும், சமீபத்தில் வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களும் அடிவயிறு குலுங்கச் சிரிக்கும் முன் டாக்டரைக் கேட்பது நல்லது.

தனியாக இருக்கும் பெரியவர்களைத் தாராளமாக அனுப்புங்கள். மாத்திரையும் தொடரட்டும்.