அணியும் பொருளும்: பார்சிலோனாவின் கத்தலான் இசை அரண்மனை – ஒரு திறனாய்வு

முன்னுரை

கட்டடம் ஒன்றைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது தமிழியல் ஆய்விதழுக்குப் பொருந்துமா என்னும் வினா எழலாம். செய்யுளின் நயத்தையும் உடலில் பூணும் நகையையும் 'அணி' என்னும் ஒரே சொல்லால் சுட்டும் மொழி நம்முடையது. அணி என்பது பொருளின்மேல் பூட்டப்படும் ஒப்பனையா, பொருளை உணர்த்தும் வழியா என்னும் சிக்கல் நம் வகுப்பறைகளில் ஆண்டுதோறும் எழுவது. பார்சிலோனா நகரிலுள்ள கத்தலான் இசை அரண்மனையைக் காணச் சென்றபோது, அச்சிக்கலை வேறொரு கலையின்வழி எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அவ்வரங்கின் அணிகள் எப்பொருளை உணர்த்துகின்றன என்பதையும் அப்பொருள் எங்கு நிறைவு பெறுகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

அரங்கின் தோற்றம்

1891-இல் லூயிஸ் மில்யெட், அமதேவ் விவெஸ் ஆகிய இருவரும் ஓர்ஃபியோ கத்தலா என்னும் சேர்ந்திசைக் குழுவைத் தோற்றுவித்தனர். கத்தலான் மொழிக்கு அரசு நிலையில் இடமில்லாதிருந்த காலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கத்தலோனியாவில் எழுந்த மொழி, இலக்கிய மறுமலர்ச்சியின் தொடர்ச்சியாகவே இக்குழு நாட்டுப்புறப் பாடல்களை மேடைக்குக் கொணர்ந்தது. குழுவுக்கெனத் தனி அரங்கம் அமைக்கும் பணி கட்டடக் கலைஞர் லூயிஸ் தொமேனக் இ மொந்தானெரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1905-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1908-இல் அரங்கம் திறக்கப்பட்டது.

கிடைத்த மனையோ நெருக்கமான தெருக்களுக்கு இடைப்பட்டது. எனவே கீழ்த்தளத்தைக் குழுவின் அலுவல்களுக்கு ஒதுக்கி, இசைக்கூடத்தைக் கலைஞர் மேல்தளத்தில் அமைத்தார். இரும்புச் சட்டகம் பாரத்தைத் தாங்கியமையால், பக்கச் சுவர்களைக் கண்ணாடியாலேயே எழுப்ப முடிந்தது. பூவேலைப்பாடுகளுக்குப் பின்னே அக்காலத்துப் புதிய பொறியியல் மறைந்திருப்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும்.

மிகை என்னும் குற்றச்சாட்டு

நாம் சென்றது ஒரு முற்பகல் வேளை. படிக்கட்டுகளைக் கடந்து கூடத்தினுள் நுழைந்ததும் கண் நிலைகொள்ள இடமின்றித் தவித்தது. ஓட்டுச் சில்லுகள் பதித்த தூண்கள், பீங்கான் ரோசாக்கள், வண்ணக் கண்ணாடிகள், சிற்பங்கள் என வெற்றிடமே காணப்படவில்லை. 'இது மிகை' என்பதே எமது முதல் மதிப்பீடு. இம்மதிப்பீடு புதியதன்று. 1910-இல் வியன்னாவில் அடோல்ஃப் லோஸ் அணிவேலைப்பாட்டைக் குற்றத்தோடு இணைத்து ஆற்றிய உரை, நவீனக் கட்டடக்கலையின் போக்கையே மாற்றியது. கத்தலோனியாவிலும் செவ்வியல் ஒழுங்கை விரும்பிய அடுத்த தலைமுறையினர் இவ்வரங்கின் பாணியை மிகையெனக் கருதி ஒதுக்கினர். அரங்கம் திறந்து சில ஆண்டுகளிலேயே அதன் அழகு காலங்கடந்த அழகாகிவிட்டது.

ஆயினும், சற்று நேரம் இருக்கையில் அமர்ந்து நோக்கியபோது எமது மதிப்பீடு தளர்ந்தது. அணிகள் அங்குமிங்குமாகச் சிதறிக் கிடக்கவில்லை. தமக்குள் ஒரு வரிசை கொண்டிருந்தன.

அணிகளின் வைப்புமுறை

அவ்வரிசை தெருவிலேயே தொடங்குகிறது. கட்டடத்தின் மூலையில் மிக்கெல் பிளாய் வடித்த 'கத்தலான் நாட்டுப்புறப் பாடல்' என்னும் சிற்பத்தொகுதி உள்ளது. பாடலைப் பெண்ணுருவாக்கி நடுவில் நிறுத்தி, கடலோடி, உழவர், முதியோர், சிறார் எனப் பல நிலையினரையும் அவளைச் சூழ நிற்கச் செய்துள்ளார் சிற்பி. முகப்பில் பாலஸ்திரீனா, பாக், பேத்தோவன், வாக்னர் ஆகிய இசை மேதைகளின் மார்பளவுச் சிலைகள் உள்ளன. பெயரறியா மக்களின் பாடலும் பேரிசை வல்லுநரின் பெயர்களும் ஒரே கட்டடத்தில் அண்மையில் வைக்கப்பட்டுள்ளன.

இதே கருத்து மேடை முகப்பில் மீண்டும் வருகிறது. ஒருபுறம் தொழிலாளர் பாடற்குழுக்களை அமைத்த அன்செல்ம் கிளாவேயின் சிலை. அதனருகே அவருடைய பாடலொன்றை நினைவூட்டும் மகளிர். மறுபுறம் பேத்தோவன், அவருக்கு மேலே வாக்னரின் இசைநாடகத்தில் வரும் குதிரையேறிய போர்மகளிர். மேடையின் பின்சுவரில் இசைக்கருவி ஏந்திய பதினெண்மர் நிற்கின்றனர். இடைக்குக் கீழ் அவர்கள் லூயிஸ் புரூ அமைத்த தட்டையான மொசைக். இடைக்கு மேல் எவுசேபி அர்னாவின் புடைப்புச் சிற்பம். சுவரிலிருந்து பாதி வெளிவந்து பாடகர்களோடு நிற்க முனைவது போன்ற தோற்றம் அது. கூரையின் நடுவே அந்தோனி ரிகால்ட் உருவாக்கிய வண்ணக் கண்ணாடி விதானம் கதிரவனைப் போலத் தாழ்ந்து தொங்குகிறது. அதனைச் சுற்றிப் பெண் முகங்கள் பாடற்குழுபோல் வட்டமிடுகின்றன.

'எம் ஊர்ப் பாடலும் உலகப் பேரிசையும் ஓரவையில் அமரத்தக்கவை' என்பதே இவ்வணிகள் கூடி உணர்த்தும் பொருள் என்று கொள்ளலாம். அரசேற்பு இல்லாத மொழியொன்று தனக்குத் தானே வழங்கிக்கொண்ட தகுதிச் சான்று இது. எனவே இவ்வணிகளை நீக்கினால் கட்டடம் எளிமையாகும். ஆனால் சொல்லவந்த செய்தி எஞ்சாது.

குறையும் உண்டு. பெயர் தாங்கிய சிலைகளாக எம் கண்ணில் பட்டவர் அனைவரும் ஆடவர். மகளிரோ பாடலாகவும் கலையாகவும் உருவகம் பெற்று, பெயரின்றி நிற்கின்றனர். நாட்டுப்புறப் பாடலைக் காத்தவர்களுள் பெண்கள் பெரும்பங்கினர் என்பதை எண்ணும்போது இவ்விடுபாடு உறுத்துகிறது.

கல்லும் குரலும்

அணிகள் உணர்த்திய பொருள் மக்கள் குரலால் உறுதி பெற்ற நாள் 1960 மே 19. கவிஞர் ஜுவான் மரகாலின் நூற்றாண்டையொட்டி இவ்வரங்கில் இசைநிகழ்ச்சி நடைபெற்றது. அவர் இயற்றி மில்யெட் இசையமைத்த கொடிப்பாடல் ஓர்ஃபியோ குழுவின் அடையாளப் பாடல். பிராங்கோ ஆட்சியின் அதிகாரிகள் அதனைப் பாட அனுமதிக்கவில்லை. மேடை பாடாத பாடலை அவையிலிருந்தோர் எழுந்து பாடினர். பலர் கைதாயினர். அரங்கில் இல்லாத ஜோர்டி புஜோலும் இந்நிகழ்வையொட்டிச் சிறைப்பட்டார். பின்னாளில், 1980 முதல் 2003 வரை, கத்தலோனிய அரசின் தலைவராக விளங்கியவர் இவரே. ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கல்லிலும் கண்ணாடியிலும் உறைந்திருந்த கூற்றினை அன்று அவையோர் தம் வாயால் மொழிந்தனர்.

1982 முதல் 1989 வரை கட்டடக் கலைஞர் ஓஸ்கார் துஸ்கெட்ஸின் பொறுப்பில் அரங்கம் புதுப்பிக்கப்பட்டது. 1997-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலிலும் இடம்பெற்றது. எனினும் 2009-இல் அரங்க நிருவாகத்தின் உயர்மட்டத்திலேயே பெரும் நிதி மோசடி வெளிப்பட்டு, அது நீதிமன்றம் வரை சென்றது. பட்டியலில் ஏறிய கட்டடம் தன்னைத் தானே காத்துக்கொள்வதில்லை.

முடிவுரை

தொல்காப்பியர் உவமவியலைப் பொருளதிகாரத்தில் வைத்தார். அணிக்கெனத் தனி இலக்கணமாகத் தண்டியலங்காரம் பின்னரே தோன்றியது. அணிகளின் பெயரைச் சொல்லி இலக்கணத்தோடு பொருத்திக் காட்டுவதோடு நம் பாடங்கள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. பார்சிலோனா அரங்கில் ரோசாக்களைப் படமெடுத்துத் திரும்பும் பயணியின் நிலையும் ஏறத்தாழ இதுவே. எமது முதற் கால்மணி நேரமும் அவ்வாறே கழிந்தது. இவ்வணி இங்கு ஏன் வந்தது, எதன் அருகில் வைக்கப்பட்டது, யாருக்காகப் பேசுகிறது என்னும் மூன்று வினாக்களைக் கேட்டபின்னரே அரங்கம் எமக்குப் பொருள்பட்டது. செய்யுளைக் கற்பிக்கும் ஆசிரியர் இம்மூன்றையும் வகுப்பில் எழுப்பின், மாணவர் அணியின் பெயரை மறந்தாலும் பாடலை மறவார் என்பது எமது துணிபு.