பார்ன் இன்டு பிராதல்ஸ்: சோனாகாச்சியில் ஒரு கேமரா வகுப்பு

'பார்ன் இன்டு பிராதல்ஸ்' 2004-இல் வெளிவந்த ஆவணப்படம். ஜானா பிரிஸ்கி, ராஸ் காஃப்மன் ஆகிய இருவரும் இயக்கியது. கொல்கத்தாவின் சோனாகாச்சி பகுதியில் பாலியல் தொழிலாளர்களின் பிள்ளைகள் எட்டுப் பேர் புகைப்படக்கலை கற்பதை இது சொல்கிறது. 85 நிமிடம் ஓடும் இப்படம் 2005-இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. வறிய பிள்ளைகளுக்குக் கலைக்கல்வி எதற்கு என்ற கேள்விக்கு ஒரு நல்ல விடையும் ஒரு தவறான விடையும் இப்படத்திலேயே உள்ளன. ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது பயன் தரும்.

வகுப்பறை

புகைப்படக் கலைஞரான பிரிஸ்கி, அப்பகுதிப் பெண்களைப் படமெடுக்கவே முதலில் அங்குச் சென்றார். பிள்ளைகள் கேமராவைச் சுற்றிச் சுற்றி வந்ததால் அவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். ஒவ்வொருவருக்கும் எளிய பிலிம் கேமரா ஒன்று தரப்பட்டது.

படத்தின் சிறந்த பகுதி இந்த வகுப்புகளே. பிள்ளைகள் எடுத்த படங்கள் சிறிய அளவில் ஒரே தாளில் வரிசையாக அச்சிடப்பட்டு அவர்கள் முன் வைக்கப்படுகின்றன. எது நல்ல படம், எதை விலக்கலாம், ஏன் என்று அவர்களே பேசுகிறார்கள். மனப்பாடமும் மதிப்பெண்ணும் இல்லை. ஆனால் காரணம் சொல்லும் பொறுப்பு உண்டு. ஆம்ஸ்டர்டாமுக்கு அழைத்துச் செல்லப்பட்ட சிறுவன் ஒருவன், அங்கே ஒரு புகைப்படத்தைப் பற்றிப் பேசும் காட்சி குறிப்பிடத்தக்கது. பார்க்கத் துயரமாக இருந்தாலும் உண்மை என்பதால் அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்ற பொருளில் அவன் பேசுகிறான். எழுத்தைப் போலவே படத்தையும் படிக்கக் கற்றுத்தர முடியும் என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும்.

பள்ளி தேடும் படலம்

பின்பகுதியில் படத்தின் போக்கு மாறுகிறது. பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் சேர்க்க பிரிஸ்கி அலைகிறார். குடும்ப அட்டை, எச்.ஐ.வி. பரிசோதனைச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். தாயின் தொழிலுக்காகப் பிள்ளைக்குப் பள்ளிக் கதவு அடைபடுவதை இக்காட்சிகள் நேர்மையாகக் காட்டுகின்றன.

ஆனால் இங்கிருந்து, அந்தத் தெருவை விட்டு வெளியேறுவதே வெற்றியின் ஒரே அளவுகோலாகிறது. பிள்ளைகளின் படங்கள் ஏலம் போகின்றன, கண்காட்சி நடக்கிறது, பணம் சேர்கிறது. அவர்கள் பார்க்கக் கற்றது பின்னுக்குப் போய்விடுகிறது. இறுதியில் வரும் எழுத்துக் குறிப்புகள் இந்த அளவுகோலையே கேள்விக்குள்ளாக்குகின்றன. சிலர் பள்ளியில் நிலைத்தார்கள். சிலரைக் குடும்பத்தார் அனுப்ப மறுத்தார்கள் அல்லது திரும்ப அழைத்துக்கொண்டார்கள். தாமாகவே வெளியேறியவர்களும் உண்டு. ஏன் அப்படி நடந்தது என்று பிள்ளைகளிடமோ தாய்மாரிடமோ படம் பொறுமையாகக் கேட்கவில்லை.

விடுபட்டவர்கள்

தாய்மார் இப்படத்தில் பெரும்பாலும் வசைபாடுபவர்களாக, தடையாக நிற்பவர்களாகவே வருகிறார்கள். உண்மையில் அதே சோனாகாச்சியில் 1992-இல் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் தொடங்கியது. அதன் வழியாக 1995-இல் பாலியல் தொழிலாளர்கள் தாங்களே 'துர்பார் மகிளா சமன்வய கமிட்டி' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். சேமிப்புக்கும் கடனுக்கும் 'உஷா' கூட்டுறவுச் சங்கம் வந்தது. ஆடல், பாடல், நாடகத்துக்கென 'கோமள் காந்தார்' என்ற கலைப்பிரிவும் அவர்களிடம் உண்டு. கலை அந்தத் தெருவுக்கு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை என்பது இதனால் விளங்கும். இவற்றில் எதையும் படம் சொல்லாததால், மீட்பு என்பது வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவரால்தான் கிடைக்கும் என்று பார்வையாளர் எண்ண நேர்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. பிள்ளைகளின் முகமும் பெயரும் தாயின் தொழிலும் ஒருசேர உலகத்துக்குக் காட்டப்படுகின்றன. பத்து வயதுப் பிள்ளை அதற்குத் தரும் சம்மதம் இருபது வயதில் அந்தப் பிள்ளைக்கு ஏற்புடையதாக இருக்குமா என்பதைப் படம் எண்ணிப் பார்க்கவில்லை.

மதிப்பீடு

இப்படத்திலிருந்து ஆசிரியர் எடுத்துக்கொள்ளத்தக்கது வகுப்பறைதான்: கருவியைக் கையில் கொடுப்பது, தேர்ந்தெடுக்க விடுவது, காரணம் கேட்பது. விலக்க வேண்டியது, பெற்றோரை ஒதுக்கிவிட்டுப் பிள்ளையை மட்டும் தூக்கிச் செல்லும் எண்ணம். ஏழைப் பிள்ளைக்குக் கலைக்கல்வி தருவது, எட்டுப் பேரில் ஒருவர் வெளிநாடு செல்வதற்காக மட்டும் அன்று. மற்ற ஏழு பேரும் இருந்த இடத்திலேயே இருந்தாலும், தம் தெருவைத் தம் கண்ணால் பார்க்கக் கற்றிருந்தால் அதுவும் கல்வியே. அந்த ஏழு பேருக்காக வகுப்பு தொடர்ந்து நடக்க வேண்டுமானால், தாய்மாரும் அதில் பங்கேற்க வேண்டும்.